நகைச்சுவைக் கலைஞர் நாளிதழ்மீது அவதூறு வழக்குத் தொடுத்தால்: ஊரார் பேச்சை எடைபோடும் வழி

ஊரையே சீண்டிப் பேசிப் பெயர் வாங்கிய ஒரு நகைச்சுவைக் கலைஞர், தன்னைப் பற்றி நாளிதழ் ஒன்று எழுதியதற்காக நீதிமன்றப் படியேறினால், நீதிபதி இருக்கையில் அமர்வதற்கு முன்பே ஆயிரம் தீர்ப்புகள் வெளிவந்துவிடும். அந்தப் பேச்சை வைத்துக் கட்டுரை எழுத வேண்டிய மாணவருக்காகவும், செய்தி தொகுப்பவருக்காகவும், தானும் ஒரு வரி சொல்லலாமா என்று கை பரபரக்கும் வாசகருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அவதூறுச் சட்டத்தை முழுமையாகக் கற்பிப்பது இதன் வேலையன்று. நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி எது, ஊரார் விடை சொல்லிக்கொண்டிருக்கும் கேள்வி எது என்று பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்வதுதான் இதன் வேலை. பெரும்பாலும் இவ்விரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

வெறும் பொதுப்பேச்சாகப் போய்விடாமல் இருக்க, கிளாஸ்கோவில் பிறந்த ஃபிராங்கி பாயில், 'டெய்லி மிரர்' நாளிதழின் வெளியீட்டு நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்வோம். 2011 ஜூலையில் அந்த நாளிதழ் வெளியிட்ட கட்டுரை ஒன்று அவரை 'இனவெறி நகைச்சுவைக் கலைஞர்' என்று குறிப்பிட்டது. பிபிசியின் 'மாக் த வீக்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து அவர் வேறு வழியின்றி விலக நேர்ந்தது என்றும் எழுதியது. 2012 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில், நீதிபதி ஈடி முன்னிலையில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழுவான ஜூரியோடு விசாரணை நடந்தது. முதல் கூற்றுக்காக 50,400 பவுண்டு, இரண்டாவது கூற்றுக்காக 4,250 பவுண்டு, ஆக மொத்தம் 54,650 பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரி முடிவு செய்தது. அந்தப் பணத்தை அறப்பணிக்குக் கொடுத்துவிடப் போவதாக பாயில் அறிவித்தார்.

அச்சில் வந்த வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள்

எந்த எதிர்வினையைப் படிப்பதற்கு முன்பும், வழக்குக்குக் காரணமான வாக்கியத்தை அது வெளிவந்த வடிவத்திலேயே தேடிப் பிடியுங்கள். அது தலைப்பில் இருந்ததா, செய்தியின் நடுவில் போகிற போக்கில் வந்த அடைமொழியா, பத்தி எழுத்தாளர் தம் பெயர் போட்டு எழுதிய கருத்தா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது அற்ப விவரம் போலத் தோன்றினாலும், வழக்கின் பாதித் தலைவிதி இங்கேதான் நிர்ணயமாகிறது.

பாயில் வழக்கில் சிக்கலைக் கிளப்பியது ஒரே ஓர் அடைமொழி. 'அவருடைய இன்ன நகைச்சுவை இனவெறியை வளர்ப்பதாகவே எனக்குப் படுகிறது' என்று ஒரு விமர்சகர் எழுதி, அந்த நகைச்சுவையையும் எடுத்துக் காட்டியிருந்தால், படிப்பவர் அதை ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு, தாமும் அந்த நகைச்சுவையை எடைபோட்டு, ஒப்புக்கொள்ளலாம் அல்லது மறுக்கலாம். 'இனவெறி நகைச்சுவைக் கலைஞர் ஃபிராங்கி பாயில்' என்று பெயருக்கு முன்னால் ஒட்டவைத்தால், அது ஒருவருடைய ஊரையோ வயதையோ குறிப்பிடுவது போல, ஏற்கெனவே முடிந்துபோன விஷயமாகத் தொனிக்கிறது. நாளிதழின் தரப்பு இரண்டு தற்காப்பு அரண்களைப் பிடித்துக்கொண்டது: சொன்னது உண்மை, உண்மை என்று ஏற்காவிட்டால், அது நேர்மையான கருத்து. இரண்டும் ஜூரியிடம் எடுபடவில்லை.

இந்த இரண்டாவது அரணைப் பற்றிச் சற்றுத் தெரிந்து வைத்திருப்பது, பின்னால் வரும் எதிர்வினைகளைப் படிக்கப் பெரிதும் உதவும். ஓர் இசைக்குழுவும் அதற்கு நிகழ்ச்சி பிடித்துத் தரும் முகவரும் மோதிக்கொண்ட ஸ்பில்லர் எதிர் ஜோசப் வழக்கில், பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதன் சாரம் இதுதான்: கருத்து சொல்பவர், எந்த உண்மைகளின் அடிப்படையில் அதைச் சொல்கிறார் என்பதைப் பொதுவாகவேனும் சுட்டிக்காட்ட வேண்டும். அதே ஆண்டு, அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் மருத்துவர்களின் அமைப்பான பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் தொடுத்த வழக்கில், அவர் எழுதியது கருத்துதான், நிரூபிக்க வேண்டிய உண்மைக் கூற்று அன்று என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தச் சங்கம் வழக்கைக் கைவிட்டது. ஆக, கடுமையாக எழுதியதற்காக ஒரு பத்திரிகை தோற்றுவிடும் என்பதில்லை. அடிப்படை எதையும் காட்டாமல் ஒரு முத்திரையைக் குத்திவிட்டு நகர்ந்துவிட்டால்தான் ஆபத்து. மிரரின் தோல்வியைப் 'பத்திரிகைச் சுதந்திரத்துக்கு விழுந்த அடி' என்று வர்ணித்த எதிர்வினைகளை, அந்த ஓர் அடைமொழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நிரூபிக்கும் சுமை யாருடையது

இங்கிலாந்தின் அவதூறு வழக்கில், தன்னைத் தாழ்த்தும் கூற்று தன்னைக் குறித்து வெளியானது என்று வாதி காட்டிவிட்டால், அது உண்மை என்று நிறுவும் பொறுப்பு பிரதிவாதிக்குப் போய்விடும். 'நான் இனவெறியன் இல்லை' என்று நிரூபிக்கும் கடமை பாயிலுக்கு இல்லை. 'அவர் இனவெறியர்தான்' என்று ஜூரியை நம்பவைக்கும் கடமை நாளிதழுக்கு இருந்தது. அதுவும் குற்ற வழக்கைப் போல ஐயமறவன்று, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவில்தான். இதை மறந்துவிடுவதால் இரண்டு வகையான தவறான எதிர்வினைகள் பிறக்கின்றன. ஒரு சாரார், 'ஜூரியே அவரை நல்லவர் என்று சான்றளித்துவிட்டது' என்கிறார்கள். மறுசாரார், 'நாளிதழால் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அது உண்மையே' என்கிறார்கள். முதல் கூற்று தீர்ப்பை மிகைப்படுத்துகிறது. இரண்டாவது கூற்று தீர்ப்பே வராதது போல நடந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, அதைச் சொல்பவர் அதே அவதூறைத் தாமும் மறுபடி வெளியிடுகிறார்.

நம் ஊர் வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் அவதூறு குற்றமாகவும் இருப்பதால், 'வழக்குப் போட்டு உள்ளே தள்ளப் பார்க்கிறார்' என்று இயல்பாகவே நினைத்துவிடுகிறோம். இங்கிலாந்தில் அவதூறுக் குற்றம் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக ஒழிக்கப்பட்டுவிட்டது. பாயில் வழக்கு முழுக்க முழுக்க உரிமையியல் வழக்கு. அதில் கைமாறக்கூடியது பணம் மட்டுமே.

'ஊரைத் திட்டியவருக்கு ஒரு வார்த்தை தாங்கவில்லையா?'

எல்லா எதிர்வினைகளிலும் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்டவுடன் நியாயமாகவும் படும். ஆகவே இதை அவசரமாகத் தள்ளிவிடாமல், அதற்குள் என்னென்ன கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, பாயிலின் மேல் இருந்த பழைய கோபம். நீச்சல் வீராங்கனை ஒருவரின் தோற்றத்தை அவர் கிண்டல் செய்தது, டவுன் நோய்க்குறி உள்ளவர்களைப் பற்றி மேடையில் பேசி, பார்வையாளராக வந்திருந்த ஒரு பெற்றோரின் மனத்தைப் புண்படுத்தியது, 2010 இறுதியில் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'ட்ரமடால் நைட்ஸ்' தொடரில் ஒரு பிரபலத்தின் மாற்றுத்திறனாளி மகனை வைத்து நகைச்சுவை செய்தது ஆகியவற்றை மக்கள் மறந்திருக்கவில்லை. அந்தக் கடைசி விஷயத்தில், சேனல் 4 ஒளிபரப்பு விதிகளை மீறியது என்று ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2011 ஏப்ரலில் முடிவு செய்தது. இவற்றால் எழுந்த வெறுப்பு உண்மையானது; மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்கள் அவர்மீது கொண்ட கசப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் எதுவும் இனவெறி பற்றியதன்று. ஒருவர் இரக்கமற்றவர் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதால், அவர் இனவெறியர் என்பதற்கும் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. எதிர்வினைகளைத் தொகுக்கும்போது, எந்த நிகழ்வின் கோபம் எந்தக் குற்றச்சாட்டுக்குத் துணையாக இழுத்து வரப்படுகிறது என்பதை ஓரத்தில் குறித்து வையுங்கள். வியக்கத்தக்க எண்ணிக்கையில் கருத்துகள் இந்த ஒரு சோதனையிலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, நகைச்சுவையும் செய்தியும் ஒரே வகைப் பேச்சு என்ற அனுமானம். மேடையில் ஒருவர் பேசும்போது, அவர் உண்மைச் செய்தி அறிவிக்கிறார் என்று கேட்பவர் நினைப்பதில்லை. நாளிதழின் செய்திப் பக்கத்தைப் புரட்டுகிறவர் அப்படி நினைத்துத்தான் படிக்கிறார். இந்த வேறுபாடு நகைச்சுவைக் கலைஞர்களுக்கு மட்டும் உரிய சலுகை அன்று. நாளிதழ்களும் அதே நிழலில் ஒதுங்கியிருக்கின்றன. 2008இல் 'கார்டியன்' நாளிதழ், பாடகர் எல்டன் ஜானின் நாட்குறிப்பு என்று ஒரு கேலிப் பத்தியை வெளியிட்டபோது அவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். அதை எந்த நிதானமான வாசகரும் உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நீதிபதி டுகெந்தாட் அந்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டார். 'மிரர் அவரைக் கேலி செய்தால் மட்டும் தப்பா' என்று கேட்பவரிடம் இந்த வழக்கைக் காட்டலாம். மிரர் கேலி செய்யவில்லை, அறிவித்தது.

மூன்றாவது, இந்த எதிர்வினையில் உண்மையாகவே கனமுள்ள ஒரு பகுதி உண்டு. அவதூறுச் சட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற இயக்கம் அப்போது இங்கிலாந்தில் உச்சத்தில் இருந்தது. எழுத்தாளர்களோடும் அறிவியலாளர்களோடும் நகைச்சுவைக் கலைஞர்கள் பலரும் அதற்குத் தோள் கொடுத்தார்கள். 'மாக் த வீக்' தொகுப்பாளரான டாரா ஓ பிரியனே அவர்களில் ஒருவர். சொல்லின் சுதந்திரத்தால் வாழும் தொழிலில் இருக்கும் ஒருவர், சொல்லை அடக்கும் கருவியாகப் பலரும் கண்ட ஒரு சட்டத்தைக் கையில் எடுப்பது அத்தொழிலுக்கு நல்லதா என்பது மதிக்கத்தக்க கேள்வி. அதற்கு பாயில் தரப்பில் கிடைத்த விடையும் மதிக்கத்தக்கதே: இனவெறி என்பது சமூகத்தில் இன்றும் பெரிய பிரச்சினை, ஆகவேதான் வாழ்விலும் தொழிலிலும் அதை எதிர்த்து வந்த தனக்கு இத்தகைய குற்றச்சாட்டை எதிர்ப்பது முக்கியம் என்ற பொருளில் அவர் தீர்ப்புக்குப் பின் பேசினார். இந்த இரண்டு நிலைகளும் நேருக்கு நேர் மோதும் இடத்தில்தான் உங்கள் கட்டுரைக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. 'பாசாங்குக்காரர்' என்ற ஒற்றை வசையில் அது கிடையாது.

நகைச்சுவையைக் கைமாற்றாக வாங்காதீர்கள்

விசாரணையின்போது பாயிலின் நகைச்சுவைத் துண்டுகள் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கப்பட்டன. அவற்றில் இனத்தை இழிவுபடுத்தும் வசைச்சொற்கள் இருந்தன என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தச் சொற்களை யார் வாயில் வைத்திருக்கிறார், யாரைச் சிரிக்கவைக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறார் என்பதில்தான் வழக்கு. அப்படிப்பட்ட சொற்களை இனவெறியர்களின் மனநிலையைத் தோலுரிக்கவே கையாண்டதாகவும், போரில் இறக்கும் வேற்று நாட்டவரின் உயிரை அற்பமாக எண்ணும் போக்கைச் சாடவே சில துண்டுகளை எழுதியதாகவும் அவர் விளக்கினார். நாளிதழின் வழக்கறிஞர் ரொனால்ட் த்வெய்ட்ஸ் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒருவேளை பாயிலுக்குச் சாதகமாக முடிவெடுத்தால், 45 பென்ஸ், அதாவது ஒரு பிரதி மிரரின் விலையை, இழப்பீடாகக் கொடுத்தால் போதும் என்று அவர் ஜூரியிடம் சொன்னார்.

நகைச்சுவையின் நோக்கம் அதன் விளைவை அழித்துவிடாது என்ற வாதமும் பலமானதே. கிண்டலைப் புரிந்துகொள்ளாமல் வசையை மட்டும் எடுத்துக்கொண்டு வீதியில் அதையே திருப்பிச் சொல்லும் ரசிகர்கள் இருப்பார்கள். அந்த வசையைப் பெறுகிறவருக்கு மூல நகைச்சுவையின் நுட்பம் ஆறுதலாகாது. இந்த வாதத்தை முன்வைத்த எதிர்வினை உங்கள் கண்ணில் பட்டால், அதைத் தனியே எடுத்து வையுங்கள். அது அவதூறு வழக்கால் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று என்பதாலேயே அதன் மதிப்பு குறைந்துவிடாது.

எதிர்வினை ஒன்றை மேற்கோள் காட்டுவதற்கு முன், அதை எழுதியவர் நகைச்சுவைத் துண்டை முழுதாகப் பார்த்திருக்கிறாரா, செய்தியில் வந்த ஒற்றை வரியை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறாரா என்று பாருங்கள். இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. பார்த்தவர்கள் அதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்று சொல்வார்கள், கதாபாத்திரத்தைக் குறிப்பிடுவார்கள், பார்வையாளர்கள் எங்கே சிரிப்பதை நிறுத்தினார்கள் என்பதைக்கூடச் சொல்வார்கள். செய்தி வரியை மட்டும் படித்தவர்கள், அந்தச் செய்தியில் இருந்த அதே சொற்களை, அதே வரிசையில், திருப்பிச் சொல்வார்கள். ஒரே ஒரு நாளிதழின் சுருக்கத்திலிருந்து பிறந்த நூறு கருத்துகளை, நூறு பேரின் கருத்து என்று எண்ணுவதா, ஒரு நாளிதழின் கருத்து என்று எண்ணுவதா என்பது உங்கள் நேர்மையைப் பொறுத்தது.

காலத்தின் காற்று எந்தப் பக்கம் அடித்தது

எதிர்வினையின் தேதியைப் பார்க்காமல் அதற்கு விளக்கம் சொல்லாதீர்கள். மிரர் கட்டுரை வந்த அதே 2011 ஜூலையில்தான், கொலையுண்ட சிறுமி ஒருத்தியின் கைப்பேசியில் இருந்த குரல் செய்திகளை ஒட்டுக்கேட்ட விவகாரம் வெடித்து, வேறொரு நிறுவனத்தின் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' வார இதழ் இழுத்து மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து பத்திரிகைகளின் நடத்தையை ஆராய நீதிபதி லெவ்சன் தலைமையில் ஒரு விசாரணை அமைக்கப்பட்டது. பாயில் வழக்கின் தீர்ப்பு 2012 அக்டோபர் 22ஆம் நாள் வந்தது. லெவ்சன் அறிக்கை அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் வெளியானது. லெவ்சன் முன்பாகப் பத்திரிகைகளின் அத்துமீறலால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய டேவிட் ஷெர்போர்ன்தான் பாயிலுக்காகவும் வாதாடினார்.

இந்தப் பின்னணியில், 'மிரருக்கு நன்றாக வேண்டும்' என்று மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் பாயிலின் பக்கம் நின்றார்கள், எத்தனை பேர் ஜனரஞ்சக நாளிதழ்கள்மேல் இருந்த சினத்தைத் தீர்த்துக்கொண்டார்கள் என்பதை வெளியிலிருந்து பிரிப்பது எளிதன்று. பிரிக்க முடியாத இடத்தில் பிரிக்க முடியவில்லை என்றே எழுதுங்கள். ஆனால் அதை 'பாயிலுக்கு மக்கள் ஆதரவு' என்று தலைப்பிட்டுவிடாதீர்கள். பாயிலை அறவே பிடிக்காத பலரும், இந்தத் தீர்ப்பைப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தடையில்லை. தர்க்கப்படி அதில் முரண்பாடும் இல்லை. தமக்குப் பிடிக்காதவருக்குக் கிடைத்த நியாயத்தை ஒப்புக்கொள்ளும் இத்தகைய கருத்துகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும், என் அனுபவத்தில், படித்துப் பயன்பெறத் தக்கவை பெரும்பாலும் அவைதான்.

தொகையைப் பார்த்து மயங்காமல் இருப்பது

இழப்பீட்டுத் தொகை வெளியான மறுகணமே, 'இவ்வளவா' என்றும் 'இவ்வளவுதானா' என்றும் இரு கூச்சல்கள் எழும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு செய்திகளை மனத்தில் வைத்திருங்கள். 1980களில் இங்கிலாந்தின் ஜூரிகள் லட்சக்கணக்கான பவுண்டுகளை வாரி வழங்கின. எல்டன் ஜானுக்கு ஒரு ஜூரி கொடுத்த 3,50,000 பவுண்டை 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 75,000 பவுண்டாகக் குறைத்தது. உடற்காயங்களுக்கு வழங்கப்படும் இழப்பீடுகளை அவதூறு ஜூரிகளுக்கு ஒப்பீடாக எடுத்துச் சொல்லலாம் என்றும் அது அனுமதித்தது. பாயிலுக்குக் கிடைத்தது அந்தத் திருத்தத்துக்குப் பிந்திய காலத்துத் தொகை.

தொகையைவிட அது பிரிக்கப்பட்ட விதம் அதிகம் பேசுகிறது. 'விலக நேர்ந்தது' என்ற கூற்றுக்கு 4,250 பவுண்டு. 'இனவெறி' என்ற முத்திரைக்கு அதைப் போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. வேலை போனது பற்றிய பொய்யையும் குணத்தின்மீது சுமத்திய பழியையும் ஜூரி ஒரே தட்டில் வைக்கவில்லை. மொத்தத் தொகையை மட்டும் சொல்லிக் கொதிக்கிற எதிர்வினைகளில் இந்த விவரம் தொலைந்துபோகிறது. அதோடு, இழப்பீடு வேறு, வழக்குச் செலவு வேறு. இங்கிலாந்தின் வழக்கப்படி தோற்றவர் வென்றவரின் செலவில் பெரும்பகுதியையும் ஏற்க வேண்டியிருக்கும் என்பதால், ஒரு நாளிதழுக்கு உண்மையான வலி பெரும்பாலும் அங்கேதான். 'பணத்துக்காகத்தான் போட்டார்' என்பவர்கள், தோற்றிருந்தால் அவர் தலையில் என்ன விழுந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஜூரி ஏன் அப்படி முடிவெடுத்தது என்று ஊகிக்கும் எதிர்வினைகளுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஜூரி காரணம் எழுதி வைப்பதில்லை. அதன் ஆலோசனை அறையில் நடந்ததை வெளியிடுவதை 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் தடுத்திருந்தது.

இன்றைய சட்டத்தை அன்றைய வழக்கின்மேல் ஏற்றாதீர்கள்

பழைய எதிர்வினைகளைத் தொகுக்கிறவர்கள் அடிக்கடி சறுக்குமிடம் இது. 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் 2014 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கூற்றால் தன் நற்பெயருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தது, அல்லது நேர வாய்ப்புண்டு என்று வாதி காட்டினால்தான் இப்போது வழக்கு நிற்கும். ஜூரி வைப்பது விதியாக இருந்தது போய், நீதிபதி மட்டுமே விசாரிப்பது விதியாகிவிட்டது. நேர்மையான கருத்து என்ற அரண் சட்ட வாசகமாகவே எழுதப்பட்டுள்ளது. ஆகவே, 2012இல் ஒருவர் 'பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் முடிவு செய்தார்கள்' என்று மகிழ்ந்ததையோ, 'நகைச்சுவை தெரியாத பன்னிரண்டு பேர்' என்று சலித்துக்கொண்டதையோ, இன்று நடக்கும் வழக்கு ஒன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

நீங்களே எழுதுவதாக இருந்தால்

வழக்கைப் பற்றிக் கருத்து சொல்வது வேறு, வழக்குக்குக் காரணமான குற்றச்சாட்டைத் திருப்பிச் சொல்வது வேறு. 'அந்த நாளிதழ் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்' என்பது இங்கிலாந்தில் தற்காப்பு ஆகாது. பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்பவர் தாமே அதைச் சொன்னவராகக் கருதப்படுவார். நேரடியாகச் சொல்லாமல் கண்ணைச் சிமிட்டிக் காட்டினாலும் தப்ப முடியாது என்பதை, பாயில் தீர்ப்பு வந்து இரண்டு வாரத்துக்குள் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. 2012 நவம்பரில், அடையாளம் தவறிப் பரவிய கொடிய பழி ஒன்றில் கன்சர்வேட்டிவ் கட்சி அரசியல்வாதி லார்ட் மெக்கல்பைனின் பெயர் ட்விட்டரில் அடிபட்டபோது, நாடாளுமன்ற அவைத்தலைவரின் மனைவி சாலி பெர்கோ, அவர் பெயர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டு, 'அப்பாவி முகம்' என்று பக்கத்தில் எழுதிவைத்தார். அந்தச் சில சொற்களே அவதூறாகும் என்று 2013 மே மாதம் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. 500 பேருக்கும் குறைவானவர்கள் பின்தொடரும் கணக்குகளில் எழுதியவர்களை மெக்கல்பைன் விட்டுவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை, சட்டத்தின் கட்டாயம் அன்று.

ஆகவே எழுதும்போது, உங்கள் கருத்துக்கு அடிப்படையான உண்மையை அதே பத்தியில் வையுங்கள். நகைச்சுவை பிடிக்கவில்லை என்றால், எந்த நகைச்சுவை, எந்த நிகழ்ச்சி, ஏன் என்று எழுதுங்கள். மனிதருக்கு முத்திரை குத்தும் பெயர்ச்சொல்லைத் தவிர்த்து, அவர் செய்ததைச் சொல்லும் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கையில் ஜூரி இருந்தால், அவர்கள் காதில் படாமல் விலக்கி வைக்கப்பட்ட எதையும் எழுதாதீர்கள். மற்றவர்களின் எதிர்வினையைத் தொகுக்கையில், 'மக்கள் கொதித்தெழுந்தனர்' போன்ற வாக்கியங்களை எழுதும் முன், எந்த மக்கள், எங்கே, எப்போது என்ற மூன்றுக்கும் உங்களிடம் விடை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி விடை இல்லாத இடத்தில் 'சிலர் கண்டித்தனர்' என்று எழுதினால் கட்டுரை ஒன்றும் இளைத்துவிடாது.

கடைசியாக, ஒவ்வொரு எதிர்வினைக்கும் தேதி போட்டு வையுங்கள். தீர்ப்பு வந்தபின்னும் உண்மைகள் இடம் மாறுவதுண்டு. அதே டெய்லி மிரர்மீது, பத்தி எழுத்தாளர் கசாண்ட்ரா 1956இல் எழுதிய ஒரு பத்திக்காக, பியானோ கலைஞர் லிபராச்சி வழக்குத் தொடுத்து 1959இல் 8,000 பவுண்டு வென்றார். அந்தப் பத்தி தன்னை ஓரினச்சேர்க்கையாளராகக் குறிப்பால் உணர்த்துகிறது என்பது அவர் வழக்கு. அன்று அது இங்கிலாந்தில் ஆண்களுக்குச் சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றம். தான் அப்படிப்பட்டவர் அல்லர் என்று அவர் சாட்சிக் கூண்டில் உறுதிமொழி எடுத்துச் சொன்னார். 1987இல் அவர் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்த பிறகு அந்த வழக்கை ஊர் படித்த விதமே மாறிப்போனது. அதே 1987இல் 'டெய்லி ஸ்டார்' நாளிதழிடமிருந்து 5,00,000 பவுண்டு வென்ற அரசியல்வாதியும் நாவலாசிரியருமான ஜெஃப்ரி ஆர்ச்சர், அந்த வழக்கு தொடர்பாகப் பொய்ச்சாட்சி சொன்னதற்காக 2001இல் சிறைக்குப் போனார். பின்னர் அந்தப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். 1987இல் அவருடைய வெற்றியைக் கொண்டாடிய ஒருவரின் கருத்தை நீங்கள் எடுத்தாள நேர்ந்தால், ஆண்டைக் குறிப்பிட்டு, பின்னர் நடந்ததை அடுத்த வாக்கியத்திலேயே சேர்த்துவிடுங்கள்.